சந்தனத்தின் மேல் போட்ட பழி

மகனே,

நீ நலமாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு எந்தக் காலத்திலும் ஒரு குறையும் வருவதில்லை, அதனால் நலம் விசாரித்து மையை வீணாக்கவில்லை. வரும் சனிக்கிழமை உனக்கு ஆபீஸில் நடக்கப்போகிற பிரிவு உபசார விருந்துக்கு நீ அனுப்பிய அழைப்பு திங்கட்கிழமை தபாலில் வந்தது. இதே மலாக்காவில், காஜா பேராங்கில் இருக்கும் அப்பன் வீட்டுக்கும் பூங்கா ராயா ரோட்டில் நீ எடுத்திருக்கும் அறைக்கும் சைக்கிளில் பத்து நிமிஷம் இருக்குமா? அதற்கு ஒரு உறை, ஒரு தபால்தலை, உறையின் மேல் டைப் அடித்த என் பெயர், பெயருக்கு முன்னால் ஒரு மிஸ்டர் வேறு. பெற்ற அப்பனை மிஸ்டர் போட்டு அழைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய், சந்தோஷம். ஆனால் அந்தத் தாளைக் கையில் எடுத்ததும் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. ஓ, ஏ, ஈ என்று வயிறு உள்ள ஆங்கில எழுத்துகள் அத்தனையும் கண் அடைத்துக் கறுப்புப் பொட்டாக விழுந்திருக்கின்றன. அச்செழுத்தில் மை சேர்ந்து அழுக்கு அடைத்தால் அப்படித்தான் விழும். ஒரு பழைய பல் பிரஷ், நாலு சொட்டு ஸ்பிரிட், இரண்டு நிமிஷம். கோலாலம்பூரில் ஒரு பிரிவுக்கே பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாகப் போகிறவனுக்கு அந்த இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லை.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உன் கூட்டாளிகளிடம் அப்பா மெஷின் வியாபாரம் செய்கிறார் என்று நீ சொல்லிக்கொண்டு திரிவது என் காதுக்கு வந்துவிட்டது. நான் ஒரு மெஷினையும் விற்றதில்லை. ஆபீஸ் ஆபீஸாகச் சைக்கிளில் போய், வராந்தாவில் பழைய பேப்பரை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டைப்ரைட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். அதைத்தான் இருபது வருஷமாகச் செய்கிறேன், அதில்தான் நீ சாப்பிட்டாய். ஒரு பொத்தான் என்பது மூன்று துண்டு. மேலே ஒரு உலோக வளையம், வளையத்துக்குள் வட்டக் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் எழுத்து அச்சடித்த சின்ன வட்டக் காகிதம். இடுக்கியால் வளையத்தை நெகிழ்த்தினால் மூன்றும் கைக்கு வரும். ஒன்றைத் துடைத்து மாட்டிய பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். அவசரக் குடுக்கைகள் நாலைந்தை ஒன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு எது எங்கே இருந்தது என்று விழிப்பார்கள். பொத்தான்களுக்கு அடியில் நான் பார்க்காதது இல்லை. பிஸ்கட் தூள், தலைமுடி, கடித்துத் துப்பிய நகம், சுருட்டுச் சாம்பல். கழுத்துப்பட்டி இல்லாமல் கக்கூசுக்குக்கூடப் போகாத ஒரு பெரிய மனிதரின் மெஷினில் நெத்திலித் தலை கிடந்தது. அதை எடுத்துக் காட்டியபோது அவர் என்னைத்தான் முறைத்தார்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை ஒன்றும் மிஞ்சவில்லை. என் மேலும்தான். உனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு வக்கீலின் மெஷின் நம் வீட்டு மேசையில் இருந்தது. தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனேன். நீ திருப்புளியால் நெம்பி மூன்று கண்ணாடிகளை உடைத்து வைத்திருந்தாய். வக்கீல் வந்து கத்தினார். பக்கத்து வீட்டுப் பையன் வந்து கை வைத்துவிட்டான் என்று சொன்னது யார்? நான்தான். நீ அழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வக்கீல் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார், அந்தப் பிள்ளை அவன் அப்பனிடம் வாங்கிய அடி தெருக்கோடி வரை கேட்டது. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாய். கையில் ஒரு வாழைப்பழம் இருந்தது, அதை முழுக்கத் தின்று முடித்தாய். உன் அம்மா உயிரோடு இருந்த காலம் அது. உன்னை அந்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொல்ல வைக்கச் சொன்னாள். சின்னப் பிள்ளைதானே, விடு என்றேன். இரண்டு நாள் அவள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. அன்றைக்கு உன் செவுளில் ஒன்று வைத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெர்டேக்கா வந்து கொடி மாறியதும் உங்கள் ஆபீஸில் வெள்ளைக்காரத் துரை பெட்டி கட்ட ஆரம்பித்தார். அவர் எழுந்திருக்கும் முன்பே அந்த நாற்காலியைச் சுற்றி நீங்கள் எல்லோரும் ஈ மொய்ப்பதைப் போல மொய்த்தீர்கள். சுதந்திரம் என்றால் உங்களுக்கு அவ்வளவுதான் புரிந்தது, யார் இடத்தில் யார் உட்காருவது என்று. கோலாலம்பூரிலிருந்தும் அங்கே காலியான இடத்துக்கு ஓர் ஆள் கேட்டிருந்தார்கள், மலாக்கா ஆபீஸிலிருந்து ஒருவரைத்தான் அனுப்பலாம். கமலாவைத்தான் அனுப்பப் போகிறார்கள் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும். கம்போங் செட்டியில் நம் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிற பெண், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற மலாக்கா செட்டிக் குடும்பம். மலாய்க்காரிகளைப் போலச் சாரோங் கெபாயா கட்டிக்கொண்டு வந்து தலை நிமிராமல் டைப் அடிப்பாள். அவள் மெஷினைத் திறந்தால் எனக்கு வேலையே இருக்காது, அத்தனை சுத்தம். வாரம் ஒரு நாள் அவளே பிரஷ்ஷால் தட்டி வைத்துவிடுவாள். உனக்கு அது பொறுக்கவில்லை. தமிழ் பேசத் தெரியாத தமிழச்சி, பாதி மலாய்க்காரி என்று நீயும் உன் கூட்டாளிகளும் கேலி பேசியது எனக்குத் தெரியும், என் காதுபடவே பேசியிருக்கிறாய். பொழுதுக்கும் செந்தமிழ் பேசுகிற உங்கள் யோக்கியதை என்ன என்று ஆயுத பூஜைக்குத் தெரிந்துபோயிற்று.

ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் எனக்குச் சனி பிடித்தது மாதிரி வேலை இருக்கும். நம் ஆட்கள் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் வைப்பதைப் போலவே டைப்ரைட்டருக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பார்கள். ஓரமாக ஒரு பொட்டு வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாளா? பொத்தானுக்குப் பொத்தான் வைத்தால்தான் இவர்களுக்குப் பக்தி. மலாக்காவில் எனக்குத் தெரிந்து எந்த வெள்ளைக்காரனும், எந்தச் சீனனும் மெஷினுக்கு இந்த அபிஷேகம் செய்ததில்லை. மெர்டேக்கா வந்த அந்த வருஷம் உங்கள் ஆபீஸிலும் பூஜை நடந்தது. நீங்கள் ஐந்து பேர், கமலாவோடு ஆறு. சாயங்காலம் எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்து, வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுப் போனீர்கள். மறுநாள் காலையில் துரைக்குப் பிடிக்காதே என்ற பயத்தில் ஐந்து பேரும் முன்னாலேயே வந்து கைக்குட்டையால் சாமியைத் துடைத்துவிட்டீர்கள். கமலா கோயிலுக்காக லீவு போட்டிருந்தாள். அவள் மெஷினில் மட்டும் சந்தனம் இருந்தது.

ஆபீஸிலேயே அகலத் தாள் போடக்கூடிய மெஷின் அது ஒன்றுதான். துரை புறப்படுமுன் ஒப்படைக்க வேண்டிய பெரிய பட்டியலை அதில்தான் அடிக்க வேண்டும். அன்று அவள் இல்லாததால் நீ போய் உட்கார்ந்தாய். எதிர்க் கடையிலிருந்து பால் டின்னில் கயிறு கட்டிக் கோப்பி வாங்கி வந்து, மெஷின் தலையிலேயே வைத்துக்கொண்டு அடித்தாய். அது கவிழ்ந்தது. கைக்குட்டையால் மேலே ஒற்றி எடுத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று மூடி போட்டு வைத்தாய். கெட்டிப்பால் ஊற்றிய கோப்பி ஒரு ராத்திரியில் பாகாக இறுகிவிடும் என்பது இருபது வருஷம் என் வீட்டில் இருந்த உனக்குத் தெரியாதா? மறுநாள் ஒரு பொத்தானும் எழும்பவில்லை. கமலா வந்து நின்றாள், துரை வந்து பார்த்தார், மெஷின் சட்டத்தில் மஞ்சளாகச் சந்தனம். அரசாங்கச் சொத்தின் மேல் சேற்றை அப்பியது யார் என்று அவர் குதித்தார். சந்தனம் இறங்கித்தான் ஒட்டிக்கொண்டது என்று முதலில் சொன்னவன் நீ. மற்ற நாலு பேரும், தாங்களும்தான் சந்தனம் வைத்தோம் என்று சொல்லாமல், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் பெரிய கிராணியார், துரை தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற அந்த மனிதர், என்னைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். மெஷினைத் திறந்து காரணத்தைச் சொல்ல வேண்டும், அதை எழுதித் துரைக்குக் கொடுப்பார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்து முதல் பொத்தானைக் கழற்றினேன். சந்தனம் கண்ணாடிக்கு மேலே காய்ந்து கிடந்தது, பிரஷ்ஷால் இரண்டு தட்டுத் தட்டியதும் உதிர்ந்துவிட்டது. வளையத்தை எடுத்தேன். அடியில் இருந்த வட்டக் காகிதம் ஓரமெல்லாம் பழுப்பாக இருந்தது. காய்ந்த சந்தனம் வளையத்துக்குள் புகாது. தண்ணீராக ஓடுகிற சாமான்தான் அங்கே இறங்கும். இரண்டாவது பொத்தானும் பழுப்பு, மூன்றாவதும் பழுப்பு. கம்பிகள் அசைகிற இடத்தில் விரலை வைத்தால் பசை, மூக்கில் வைத்தால் பால் கோப்பி, நடுவில் எறும்பு வரிசை வேறு. பதினொரு காகிதங்கள் அப்படி. அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் உன் வெள்ளைச் சட்டையைச் சவுக்காரத் தண்ணீரில் நீ ஊறப்போட்டிருந்ததைப் பார்த்திருந்தேன், முன்கை முழுக்கக் கோப்பி. எனக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீ அப்போது வந்தாய். ஏதோ ஃபைலைப் பார்ப்பதைப் போலக் குனிந்துகொண்டு என் பக்கத்தில் நின்றாய். "அப்பா, சந்தனம்தான் ஒட்டிக்கிச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவளுக்கு வேற எடத்துல வேலை கெடச்சிரும்லா" என்றாய். எவ்வளவு லேசாகச் சொன்னாய்! உன் குரல் நடுங்கியிருந்தால்கூட இன்றைக்கு நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்வேன். நடுங்கவில்லை. பெரிய கிராணியார் வந்து என்னவென்று கேட்டார். கமலா இரண்டடி தள்ளி நின்றாள். நான் சந்தனம்தான் என்றேன். அவள் என்னைப் பார்த்து, "புக்கான் சாயா, மாமா" என்றாள். நான் இல்லை, மாமா. அவ்வளவுதான் சொன்னாள், கத்தவில்லை, அழவும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வளையத்தை மாட்டினேன். பழுப்புக் காகிதங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தேன். பழையவற்றை வீட்டுக்குப் போகிற வழியில் சாக்கடையில் கொட்டினேன். நிரந்தரமாகாத வேலை என்பதால் அந்த வாரக் கடைசியிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் கோலாலம்பூர் உத்தரவு உன் பெயருக்கு வந்தது. நீ எனக்கு ஒரு வேட்டி வாங்கி வந்தாய். மானங்கெட்டவன், நான் அதைக் கட்டிக்கொண்டேன்.

உன்னைத் திட்டுவதற்கு முன்னால் என்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும், துப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். நான்கு மாதமாக அந்தப் பெண் துணிக்கடையில் துணி மடிக்கிறாள். தெருவில் எதிரே வந்தால் நான் சைக்கிளை விட்டு இறங்கிச் சக்கரத்தைப் பார்ப்பதைப் போலப் பாவனை செய்கிறேன். அவள் எப்போதும் போல் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாள். அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம். நீ மட்டும் அந்தப் பக்கமே வருவதில்லை. வீட்டில் நான் மெஷின் துடைக்கிற மண்ணெண்ணெய் நாற்றம் தாங்கவில்லை என்று அறை எடுத்துக்கொண்டு போனாய். எந்த நாற்றம் உனக்குத் தாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பனைப் பார்க்கும்போதெல்லாம் நீ செய்தது உனக்கு ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். கோலாலம்பூரில் உனக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்யப் போகிறார்கள். அங்கே ஏதாவது கவிழ்ந்தால் யார் தலையில் கட்டுவாய்? பழகிய கை சும்மா இருக்காது. ஒரு தடவை தப்பித்தவன் அடுத்த தடவை கேட்பாரில்லை என்றே நினைப்பான், உன்னை அப்படி வளர்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

உன் அழைப்பைப் படித்துவிட்டு நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா நாற்காலி போட்டார், நான் உட்காரவில்லை. எனக்குத் தெரிந்த ஓட்டை மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன், கோப்பி, சட்டை, நீ வந்து சொன்னது, நான் சொன்னது, சாக்கடை வரைக்கும். கமலா குறுக்கே பேசாமல் கேட்டாள். எறும்பைப் பார்த்தபோதே தனக்குத் தெரியும் என்றாள். சந்தனத்தைத் தேடி எறும்பு வராதே, மாமாவுக்கு அது தெரியாமலா இருக்கும், அதனால் மாமா சொல்லிவிடுவார் என்று நம்பி நின்றாளாம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். மலாயில் அவள் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: "மாமா, என் வேலை இந்த வீட்டுலயா போச்சு? அங்கதானே போச்சு. அங்க வந்து சொல்லுங்க."

இவ்வளவு நாளும் எனக்குத் தோன்றாததை ஒரு கேள்வியில் கேட்டுவிட்டாள். துரை கப்பலேறிவிட்டார், இப்போது அந்த அறையில் நம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னால் கமலாவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கையில் ஒரு அத்தாட்சியும் இல்லை, இருந்ததை நானே கொட்டிவிட்டேன். ஒரு முறை பொய் சொன்னவன் இப்போது உண்மை சொல்கிறேன் என்று நிற்கப் போகிறேன், நம்பினால் நம்பட்டும். நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதற்குப் பிறகு மலாக்காவில் ஒரு ஆபீஸும் என்னை வராந்தாவில் ஏற்றாது. போகட்டும். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை என்று எழுதினால் பொய், கவலை இருக்கிறது. அதைவிட அந்தப் பெண் என்னை மாமா என்று கூப்பிடுவதைக் கேட்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உன்னைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் உன் முதல் நினைப்பு, அப்பாவை எப்படி நிறுத்துவது என்பதாகத்தான் இருக்கும். வீட்டுக்கு ஓடி வருவாய், வேலை போய்விடும் என்பாய், கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்பாய், கடைசியில் அழுவாய். உன் அழுகைக்கு ஒரு தடவை மயங்கியதற்கே ஒரு பிள்ளை முதுகு வீங்கியது. இந்தத் தடவை கதவு திறக்காது, வந்து நேரத்தை வீணாக்காதே. பெற்றவன் என்பதால் உனக்கு ஒன்றே ஒன்று செய்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இன்று புதன்கிழமை, நாளைக்கு இது உன் கைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை ஒரு முழு நாள் உனக்கு இருக்கிறது. ஒரு மனிதன் தான் செய்ததைத் தன் வாயால் சொல்வதற்கு அது தாராளம்.

உன் விருந்து சனிக்கிழமை மத்தியானம். நாங்கள் காலை எட்டு மணிக்கே ஆபீஸ் வாசலில் நிற்போம், கமலாவும் நானும். நீயும் வந்தால் நீயே பேசு, நான் பக்கத்தில் நிற்கிறேன். வரவில்லையென்றால் நான் பேசுவேன், உன் பெயரைச் சொல்லித்தான் பேசுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா